எலும்பு கேட்கிற வயது

“உங்கிட்டயே இருக்கு. ஊரே அதைப் பார்க்குது. நீ மட்டும் ஒரு தடவைகூட நேரா பார்த்ததில்ல. அது என்ன?” என்று கேட்டார் பல் டாக்டர் பர்வீன். கேட்ட கையோடு, பல் அச்செடுக்கிற ஊதா நிறக் களி நிரம்பிய தட்டை என் மகள் சுடரின் வாய்க்குள் ஏற்றி, மேல்வரிசைப் பல்லோடு சேர்த்து இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இனி அவளால் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கேட்டதே. “விடை தெரிஞ்சாலும் உள்ளயே வச்சிரு தங்கம். களி வெள்ளையாகி இறுகுற வரைக்கும் யோசி. மூக்கால மூச்சு விடு. அப்பா, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது.” தெரிந்தால்தானே சொல்லிக் கொடுக்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கீழ்த்தாடைக்கு அச்சு எடுத்தபோது சுடருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணெல்லாம் நீர் முட்டி, தட்டைத் தட்டிவிடக் கையை ஓங்கிவிட்டாள். மேல்தாடைக்கு எடுக்கும்போது இன்னும் கஷ்டமாக இருக்கும், களி அண்ணத்துக்குப் பின்னால் தொடும் என்று நர்ஸ் தங்கலட்சுமி ரப்பர் கிண்ணத்தில் பொடியைக் குழைத்துக்கொண்டே சொன்னாள். வேறு டாக்டராக இருந்தால் அதட்டியிருப்பார். இல்லை, கையில் செல்போனைக் கொடுத்திருப்பார். இவர் ஒரு விடுகதையைக் கொடுத்தார். பிள்ளையின் கவனம் தொண்டையிலிருந்து மேலே ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பார்க்கிறேனே, நெற்றி சுருங்குகிறது, கண் மேலே விளக்கைப் பார்க்கிறது, மூக்கு விடைத்து அடங்குகிறது. கை மட்டும் என் கையை விடவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது. என் வலது கால் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருப்பது இப்போதுதான் தெரிகிறது. அங்கே பிரேக் இல்லை.

பிரேக் இருப்பது எங்கள் வண்டியில். ரத்தினவேல் டிரைவிங் ஸ்கூல், விருதுநகர் என்று கதவில் எழுதிய வெள்ளை வண்டியில், கற்றுக்கொள்கிறவர் வலப்பக்கம் உட்காருவார், நான் இடப்பக்கம், என் காலடியிலும் ஒரு பிரேக். அதை மிதிக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். மிதித்துவிட்டால் ஓட்டுகிறவருக்கு வண்டி கைக்கு வராது. ஊரே பார்க்குது, நீ மட்டும் பார்த்ததில்லை. முதுகாக இருக்குமோ. முதுகுதான். நான் தினமும் சொல்லிக்கொடுக்கிற விஷயம், பின்னால் வருகிறவனுக்கு உன் முதுகுதான் தெரியும், உனக்குத் தெரியாது, அதனால் கண்ணாடியைப் பார். முதுகு என்றால் சுடர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் டாக்டர் இதைக் கேட்டபோது என்னை ஒரு பார்வை பார்த்தாரே. பார்த்தாரா, எனக்கு அப்படித் தோன்றியதா. ஒருவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் எனக்கு உடனே தெரியும், சின்ன வயதிலிருந்து பழக்கம், வாயை மூடி உதட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வேன். இப்போதும் இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். சுடர் வாயைத் திறந்துகொண்டு, நான் மூடிக்கொண்டு. களி ஊதாவிலிருந்து ரோஸுக்கு வந்துவிட்டது. ஓரத்தில் வழிகிற எச்சிலைத் தங்கலட்சுமி பஞ்சால் ஒற்றுகிறாள், ஒரு சத்தம் இல்லாமல், குழந்தைக்கு வெட்கம் வந்துவிடாதபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஒற்றுகிறாள். எவ்வளவு நேர்த்தி. இந்த அறையில் எல்லோருக்கும் தங்கள் வேலை தெரிகிறது. எனக்குத்தான் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது எப்படி என்று தெரியவில்லை.

எல்லாம் ஒரு கடியில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம் நடந்த அன்று சாயங்காலம் வகுப்பு டீச்சர் என் மனைவி உமாவுக்கு போன் செய்து, சுடருக்குக் கடி சரியில்லையாம், டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். உமா போனை வைத்ததும் வழக்கமாக வராத கோபம் வந்து, “யாரைடி கடிச்சே?” என்று நடுவீட்டில் நிற்கவைத்துக் கேட்டாள். எனக்கு வேறு மாதிரி புரிந்தது. நானும் சுடரும் சாப்பிடும்போது ஆளுக்கொரு கடி ஜோக் சொல்வோம், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். சுவரில் ஏறுகிற பல் எது என்பாள். தெரியலையே என்பேன். பல்லி என்பாள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாள், டீச்சருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதற்கு ஏன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பிள்ளை அழாமல், தலையைக் குனியாமல், “ஹரீஷைத்தாம்மா கடிச்சேன். ஆனா அது ஒண்ணாங்கிளாஸ்ல. அவன் என் ரப்பரத் தின்னுட்டான்” என்று சொன்னாள். யாருக்குமே தெரியாமல் போயிருந்த ஒரு கடியைத் தானாக ஒப்புக்கொண்டாள். மறுநாள் உமா பள்ளிக்கே போய் ஹரீஷின் அம்மாவிடம் வருத்தம் தெரிவிக்க, அந்த அம்மா திகைத்து நிற்க, டீச்சர் வந்து மேல் பல், கீழ் பல் என்று விளக்கி, பிறகு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். டாக்டர் பர்வீனிடம் முதல் தடவை வந்தபோது இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தப் பல்ல வச்சுக் கடிச்சா தடம்கூட ஒழுங்கா விழாதே சார். கீழ்ப் பல் முன்னாடி, மேல் பல் பின்னாடி. தலைகீழ்க் கடி.” சுடரிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். அவள் அதைக் கன்னத்துப் பக்கம் தள்ளிக் கடைவாய்ப் பல்லால் உடைத்தாள். “ஏன் தங்கம் முன்பல்லால கடிக்கல?” “எல்லாரும் இப்படித்தானே டாக்டர் கடிப்பாங்க?” எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் அதைக் கையால் நொறுக்கி, பக்கவாட்டில் போட்டு மென்று, நல்லா இருக்கில்ல என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். உமா எதிரே உட்கார்ந்து முன்பல்லால் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. முன்பல் சிரிப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. சிரிக்கவும் நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

போன சனிக்கிழமை எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். பக்கவாட்டில் எடுத்த படம், சுடரின் தலை. கம்மல் தெரிகிறது, சடை தெரியவில்லை. என் மகளை உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது, பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது. இன்னொரு படத்தில் பால் பற்களுக்கு மேலும் கீழும், எலும்புக்குள்ளேயே, புதுப் பற்கள் வரிசை வரிசையாக நின்றன. பெரிய பற்கள், முழுசாக வடிவம் வந்துவிட்டவை, கொஞ்சம் சாய்ந்தும் ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டும். லைசென்ஸ் டெஸ்ட்டில் எட்டுப் போட வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி, தன் முறை எப்போது என்று. இவ்வளவையும் முகத்துக்குள் வைத்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் விடுகிறாளா. டாக்டர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “பிரச்சினை கீழ்த்தாடை இல்ல சார். மேல்தாடை பின்தங்கியிருக்கு. நடு அண்ணத்துல ஒரு தையல் மாதிரி இணைப்பு இருக்கும், இன்னும் இறுகல. இப்ப எலும்பு சொன்னா கேட்கிற வயசு. பொறுமையா முன்னாடி இழுத்தா வரும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நான் கத்தினாலும் அது கேட்காது. அப்புறம் வளர்ச்சி எல்லாம் நின்ன பிறகு ஆபரேஷன்தான்.” நான் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். சொன்னால் கேட்கிற வயசு. என் எலும்பிடம் அந்த வயதில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தெரியும். அப்பா சாயல் என்றார்கள், வம்ச முகவெட்டு என்றார்கள், அதோடு சரி. ஆபரேஷன் என்ற சொல் வேறு. தாடையை அறுத்து. அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் அது மட்டுமே வருகிறது. பதினெட்டு வயதுச் சுடர், முகமெல்லாம் கட்டு, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில். வேண்டாம். அதற்காகத்தான் இப்போதே வந்திருக்கிறோம். ஆனால் டாக்டர் ஒளிக்கவில்லை. “இப்பச் செஞ்சாலும் நூத்துக்கு நூறு சத்தியம் பண்ண மாட்டேன். வயசுக்கு வரும்போது கீழ்த்தாடை மறுபடி ஓடிப்போய் வளரலாம். செஞ்சா அந்த ஆபரேஷனைத் தவிர்க்க நல்ல வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.” அந்த அவ்வளவுதான் எனக்குப் பிடித்திருந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நானும் அப்படித்தான், பாஸ் ஆவாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு அலமாரியிலிருந்து அதை எடுத்தார். நெற்றிக்கு ஒரு மெத்தை, முகவாய்க்கு ஒரு மெத்தை, இரண்டையும் இணைக்கிற கம்பி முகத்துக்கு நேர் நடுவில். வாய்க்குள் ஒட்டுகிற பட்டையின் கொக்கியிலிருந்து இரண்டு ரப்பர் பேண்ட் வெளியே வந்து கம்பியில் மாட்டும். முகமூடி என்றுதான் அவரும் சொன்னார். ஒரு வருஷம்போல, பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து மறுநாள் கிளம்புகிற வரைக்கும், தூக்கத்திலும். உமா அதைப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க சொல்லாதீங்க சார். எலும்பு கேட்கும். ஆனா அதுக்கு முன்னாடி பிள்ளை கேட்கணும். ராத்திரி நீங்க தூங்கினதும் அவ கழட்டி வச்சிட்டா, என் வேலையும் போச்சு, அவ பல்லும் போச்சு. அவ வேணும்னு சொன்னா ஆரம்பிப்போம். வேணாம்னா எப்ப வேணும்னு தோணுதோ அப்ப வரட்டும், அதுக்குள்ள வயசு தாண்டிட்டா அது வேற கதை.” சுடரின் பக்கம் திரும்பி, பெரிய மனுஷியிடம் பேசுவது போல, வலிக்குமா என்றால் முதல் சில நாள் வலிக்கும், எச்சில் வழியும், சொந்தக்காரர்கள் வந்தால் என்னது இது என்று கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். சுடர் கேட்டாள். முகமூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வாரம் யோசிக்கிறேன் என்றாள். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. உமா எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை, இரண்டு பேருமே எடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்றைக்கு அச்சு எடுத்து முடித்ததும் சொல்கிறேன் என்று ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்ன சொன்னாலும் அச்சு தேவைப்படும் என்றார் டாக்டர். ஆக, வாய்க்குள் இப்போது இரண்டு விடைகள் இருக்கின்றன. அந்தக் களிக்குப் பின்னால்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன். கெஞ்சுவேனா. பிரேக்கை மிதிப்பேனா. வேணும் என்று சொன்னால். இங்கேதான் எனக்குத் தடுக்குகிறது, இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. வேணும் என்று சொன்னால் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்று. வேணும் என்றால், அப்பா, உன் முகம் எனக்கு வேண்டாம் என்று அர்த்தமாகாதா. ஆகாது. எட்டு வயதுப் பிள்ளை அப்படி நினைக்குமா. நான் எட்டு வயதில் நினைத்தேனே. பள்ளிக்கூடத்தில் என்னை மண்வெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார்கூட ஒரு நாள் வாய்தவறி, மண்வெட்டி, எழுந்து படி என்றார். எங்கள் அப்பாவின் வாயைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தது ஒரு காலம். சுடரை ஜேசிபி என்கிறார்கள். என் காலத்தில் மண்வெட்டி, இவள் காலத்தில் ஜேசிபி, ஊர் முன்னேறித்தான் இருக்கிறது. அதை வந்து சொன்ன அன்று நான் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவளோ, “அப்பா, ஒரு ஜேசிபி எவ்வளவு வெயிட் தூக்கும்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். பைபாஸ் ரோட்டில் வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அந்த மஞ்சள் வண்டி வாயை முன்னால் நீட்டி, ஒரு வீடு அளவு மண்ணை அள்ளித் திரும்பியதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எங்களைச் சுற்றி ஒரு கூட்டமே வேலைவெட்டியை விட்டுவிட்டு நின்று பார்த்தது. வரும் வழியில், “பாத்தியாப்பா, ஜேசிபி வந்தா ஊரே நின்னு பாக்குது. ஹரீஷை எவன் நின்னு பாக்குறான்?” என்றாள். நான் மண்வெட்டி என்ற சொல்லை இத்தனை காலம் உதட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இவள் ஒரே சாயங்காலத்தில் அதில் ஏறி ஓட்டிவிட்டாள். யாரிடமிருந்து வந்தது இந்தத் தெம்பு. உமாவிடமிருந்துதான். பெண் பார்க்கப் போன அன்று நான் வாயையே திறக்காமல் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்ன பார்த்துச் சரி சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு, “மூஞ்சியை யாரு பாத்தா? எங்க சந்துல அந்தக் காரை ஒரு இடி இல்லாம ரிவர்ஸ் எடுத்தீங்களே, ஜன்னல் வழியா அதைத்தான் பாத்தேன்” என்றாள்.

மூஞ்சியை யார் பார்த்தார்கள். மூஞ்சி. அட. முதுகு இல்லை. உங்கிட்டயே இருக்கு, ஊரே பார்க்குது, நீ மட்டும் நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்திருப்பாய், போட்டோவில் பார்த்திருப்பாய், நேராக ஒரு போதும் இல்லை. தலைக்கு மேல் தொங்குகிற விளக்கின் பளபளப்பான விளிம்பில் சுடரின் முகம் தலைகீழாகத் தெரிகிறது. பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, என்னுடையதும். தலைகீழாகப் பார்த்தால் கீழ்த்தாடை மேலே வந்துவிடுகிறது, இரண்டு பேருக்கும் கடி சரியாகிவிடுகிறது. இதை ஒரு கடி ஜோக்காக இன்றைக்குச் சாப்பிடும்போது சொல்லலாம். சொல்வேனா. சுடரின் கண்ணோரம் ஒரு சொட்டு நீர் வழிந்து காதுக்குள் போகிறது, அவள் துடைக்கவில்லை, அசையவில்லை. குமட்டல் ஒன்று கழுத்தில் ஏறி வருவது தெரிகிறது, அதை மூக்கால் ஒரு மூச்சு இழுத்துக் கீழே இறக்குகிறாள். மறுபடி ஏறுகிறது. மறுபடி இறக்குகிறாள். மேட்டில் வண்டியைப் பின்னால் போகவிடாமல் கிளட்சில் நிறுத்துகிற மாதிரி. பெரிய ஆட்களுக்கே வராது அது, எத்தனை பேர் அந்த இடத்தில் பதறி ஸ்டியரிங்கை விட்டிருக்கிறார்கள். டாக்டரின் இரண்டு விரலும் அப்போது வைத்தது வைத்தபடி இருக்கின்றன, ஒரு நடுக்கம் இல்லை, கூடுதலாக அழுத்தவும் இல்லை. “கெட்டிக்காரி” என்கிறார் மெதுவாக. களி வெளுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் நேரம் ஆகட்டும் என்று தோன்றுகிறது, உடனே முடிந்துவிட வேண்டும் என்றும்.

“வெளுத்திருச்சு மேடம்,” என்றாள் தங்கலட்சுமி. டாக்டர் ஓரத்தில் விரலைக் கொடுத்துக் காற்றை உள்ளே விட்டு, தட்டை ஒரே இழுப்பில் எடுத்தார். பொளக் என்று ஒரு சத்தம். சுடர் துப்பினாள், கொப்பளித்தாள், மார்பில் கட்டியிருந்த காகிதத்துணியால் முகவாயைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் அச்சை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு பல்லும் ஒரு குழியாக, விழுந்த பல்லுக்குக்கூட ஒரு மேடு, ஒரு சிராய்ப்பு இல்லாமல் பதிந்திருந்தது. “இவ்வளவு சுத்தமான அச்சு பெரியவங்ககிட்டகூட கிடைக்காது. சரி, விடை?” “முகம்,” என்றாள் சுடர். குரல் கட்டியிருந்தது. “சபாஷ்.” “ஆனா உங்க விடுகதை தப்பு டாக்டர்.” “எப்படித் தப்பு?” “நான் நேரா பாத்திருக்கேன்.” என் கையைப் பிடித்திருந்த கையை விடாமல், மற்றக் கையால் என்னைக் காட்டினாள். “இந்தா இருக்குல்ல.” தங்கலட்சுமி சிரித்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ள எனக்கு ஏனோ மறந்துவிட்டது. “அப்ப அடுத்த பிள்ளைக்கு வேற விடுகதைதான் போடணும்,” என்றார். பிறகு முகமூடியை எடுத்து அவள் மடியில் வைத்தார். “இதுக்கு என்ன விடை?” சுடர் அதைப் பார்த்தாள். “இதைப் போட்டா அப்பா மாதிரி இருக்க மாட்டேனா?” “கண்ணு, மூக்கு, நெத்தி எல்லாம் அப்பா மாதிரிதான் இருக்கும். கடி மட்டும் மாறும். பரோட்டாவ முன்பல்லால கடிக்கலாம்.” “அப்பாவுக்குப் போட முடியாதா?” “அப்பா எலும்பு இனிமே யார் சொன்னாலும் கேட்காது.” அவள் என் பக்கம் திரும்பினாள். தரையை அழுத்திக்கொண்டிருந்த காலை எடுத்துவிட்டேன்.

சுடர் போட்டுக்கொள்கிறேன் என்றாள். நிறம் என்ன வேண்டும் என்று டாக்டர் கேட்டார். மஞ்சள் என்றாள்.